பாசியோடு வந்தவை

பாசியை வெள்ளைப் பேசினில்தான் உதற வேண்டும். நீலப் பேசினிலோ கறுப்பு வாளியிலோ உதறினால் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததை இல்லை என்று நினைத்துத் தொட்டிக்குள் போடுகிறவர்கள் நிறையப் பேர். நானும் அப்படிப் போட்டவள்தான். அதனால் ஒரு தொட்டி நிறையக் கடற்குதிரைக் குஞ்சுகள் நாலு நாளில் செத்தன. அதைத்தான் எழுதப் போகிறேன்.

எனக்கு வேலை கற்பிட்டியில், கடல் தரைக்குள் புகுந்து நிற்கிற களப்பின் கரையில் இருந்த ஒரு மீன் கொட்டிலில். சாப்பிடுகிற மீன் இல்லை. வீடுகளில் கண்ணாடித் தொட்டிக்குள் வைத்துப் பார்க்கிற கடல் மீன். சுழியோடிகள் வெளிக்கடலில் பிடித்து வருவார்கள். நாங்கள் சில நாள் வைத்திருந்து, செத்தது போக மிச்சத்தைப் பையில் கட்டிக் கொழும்புக்கு அனுப்புவோம். யுத்தம் முடிந்து, கடலில் இறங்கப் பாஸ் காட்டுகிற காலம் போன பிறகு முதலாளி தொடங்கிய கொட்டில் அது. அவர் வேதக்காரர், கிறிஸ்தவர். முந்திச் சுழியோடியவர். ஆழத்தில் ஒரு காது போய்விட்டது. அதனால் பக்கத்தில் நிற்கிற ஆளோடும் அக்கரையில் நிற்கிற ஆளோடு கதைக்கிற மாதிரித்தான் கதைப்பார்.

காலையில் என் முதல் வேலை ஒவ்வொரு தொட்டியிலும் உப்பு எவ்வளவு என்று பார்ப்பது. அதற்கு ஒரு குழாய்க் கண்ணாடி இருந்தது. நுனியில் ஒரு துளி தண்ணீர் விட்டு, மூடியை மூடி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கண்ணை வைத்தால் உள்ளே நீலமும் வெள்ளையும் சந்திக்கிற ஒரு கோடு தெரியும். உப்புக் கூடினால் கோடு ஏறும். குறைந்தால் இறங்கும். அஞ்சு வருஷமாக அந்தக் கோட்டைப் பார்த்தேன். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பிறகு தேவைப்படும்.

களப்பில் இறால் வலை போடுகிற ஒரு காக்கா இருந்தார். எங்கள் ஆட்கள் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவது. ஒரு நாள் பெயின்ட் வாளி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, இந்தா ரெண்டு குதிரை. காயப் போட்டா மருந்துக்கு எடுக்கிறானுகள். உசுரோட துடிக்கிது, மனசு கேக்கல்ல."

வாளிக்குள் இரண்டு கடற்குதிரைகள். ஒன்றின் வாலில் வலை அறுத்த காயம். வயிறு ஊதிப் போயிருந்தது. மற்றது மெலிந்து, மஞ்சளாக, அதற்குப் பக்கத்திலேயே நின்றது.

முதலாளி எட்டிப் பார்த்தார். "இது அனுப்பக் கூடாத சாமான். என்னைக் கம்பி எண்ண வைக்கப் போறியா? கொண்டுபோய் விடச் சொல்லு."

"காயம் ஆறட்டும். பிறகு விடுவம். வயித்துக்குள்ள குஞ்சு இரிக்கி."

"எது பொம்பிள?"

"மெலிஞ்சது. ஊதினது ஆம்பிள. இதில ஆம்பிளதான் சுமக்கிற."

அவர் தன் வயிற்றைத் தடவிக்கொண்டார். "அப்ப எனக்கும் நாள் கிட்டுது போல."

காக்கா சிரித்ததில் வாளித் தண்ணீர் தளும்பியது. அப்படித்தான் அந்தச் சோடி எங்களோடு தங்கியது.

கடற்குதிரைக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். அது நீந்துகிற சாதி இல்லை. வாலால் சுற்றிப் பிடித்துக்கொண்டு நிற்கிற சாதி. நைலோன் கயிறு கட்டினேன். பிடித்தது. ஆனால் சின்னத் தொட்டி, தண்ணீர் இரண்டு நாளில் கெட்டது. உயிருள்ள பாசி போட்டால் இரண்டும் சரிவரும். பிடிக்கவும் ஆகும், தண்ணீரில் உள்ள அழுக்கை இழுத்து வளரவும் செய்யும். களப்பில் கஞ்சிப்பாசிக்கு என்ன பஞ்சம்? நோன்பு வந்தால் எங்கள் பெண்கள் முழங்கால் தண்ணீரில் நின்று சாக்குச் சாக்காகப் பிடுங்குவார்கள். கிணற்றுத் தண்ணீரில் மூன்று தரம் அலசி, வெயிலில் போட்டு, திரும்ப அலசி, வெள்ளையாகும்வரை அதைச் செய்து, பிறகு பாலும் சீனியும் போட்டுக் காய்ச்சி நோன்பு திறக்க வைப்போம். பாசி கழுவ எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்தேன். கல்லோடு பிடுங்கி வந்து, மூன்று தண்ணீரில் அலசி, வெயிலில் மட்டும் போடாமல், அப்படியே தொட்டிக்குள் வைத்தேன்.

ஒரு கிழமைக்குள் குஞ்சு பொரித்தது. சுபஹு தொழுதுவிட்டு நேரத்தோடு வந்த காலை. அந்த ஆண் பாசியை வாலால் சுற்றிக்கொண்டு முன்னுக்கும் பின்னுக்கும் மடிந்தது. வயிற்றுப் பையின் வாய் திறந்தது. உள்ளேயிருந்து புகை மாதிரி ஒன்று வந்தது. புகை கலைந்தபோது அது முழுக்கக் குதிரைகள். குறுணலரிசி அளவு. ஒவ்வொன்றுக்கும் கழுத்து வளைந்து, வால் சுருண்டு, கண் கறுப்பாக. புழுவும் இல்லை, முட்டையும் இல்லை. முழுக் குதிரை, அளவு மட்டும்தான் சின்னது. திரும்பவும் மடிந்தது. திரும்பவும் புகை. நான் கையில் கூட்டுகிற தும்புத்தடியோடு நின்றபடி நின்றேன். வெளியே மீன் ஏற்றுகிற ஆட்டோ வந்து ஹோன் அடித்ததும் எனக்குக் கேட்கவில்லை.

டின்னில் வருகிற ஆட்டீமியா என்ற பொடி இறால் முட்டையைப் பொரிக்க வைத்து, அந்தத் தூசி மாதிரி உயிர்களைக் குஞ்சுகளுக்குத் தீனியாகப் போட்டேன். தின்றன. அந்தச் சின்னக் குழாய் வாய் ஒரு தரம் சுண்டும், தீனி இருக்காது.

இரண்டாம் நாள் சில குஞ்சுகள் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தன. உடம்பில் வெள்ளைப் புள்ளி. மூன்றாம் நாள் பாசியில் ஒட்டிக் கிடந்தன. உப்பைப் பார்த்தேன், சரி. தண்ணீரை மாற்றினேன். தீனியைக் கூட்டினேன். தீனி கூட்டக் கூட்ட இன்னும் செத்தன. நாலாம் நாள் தேத்தண்ணி வடிகட்டுகிற வடியால் அள்ளினேன். வடியில் ஒரு பிடி இருந்தது. ஒரு பிடி உயிர். அதை மணலில் தோண்டிப் புதைத்தேன். முதலாளி அன்றைக்கு என்னோடு மெதுவாகக் கதைத்தார். அது அதைவிடக் கேவலமாக இருந்தது.

தொட்டியைக் கழுவப் பாசியை வெளியே எடுத்தபோதுதான் அதன் தண்டுகளில் பஞ்சு ஒட்டின மாதிரி ஒன்றைக் கண்டேன். ஊத்தை என்று நினைத்து விரலால் தேய்த்தேன். விரல் மெல்ல எரிந்தது. மீன் செதிலில் பூச்சி பார்க்க முதலாளி வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்து, ஒரு தண்டைக் கடல் தண்ணீர் விட்ட கிண்ணத்தில் போட்டுப் பார்த்தேன்.

பஞ்சு இல்லை. தோட்டம். நூலை விட மெல்லிய காம்புகள், ஒவ்வொரு காம்பின் உச்சியிலும் ஒரு பூ, ஒவ்வொரு பூவைச் சுற்றியும் கண்ணாடி மாதிரி விரல்கள். ஆயிரக்கணக்கில். மிச்சமிருந்த ஒரு ஆட்டீமியாக் குஞ்சு நீந்திப் போய் ஒரு விரலில் முட்டியது. அவ்வளவுதான், நின்றுவிட்டது. விரல்கள் மெதுவாக மடிந்து அதை நடுவில் உள்ள வாய்க்குள் வைத்தன. ஒரு மனுசி சோறு பிசைந்து வாயில் வைக்கிற மாதிரி, அவசரமே இல்லாமல். பக்கத்துப் பூவும் வளைந்து பார்த்தது. நான் செத்த குஞ்சுகளை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி ஒன்றை நான் அதற்கு முன் கண்டதில்லை.

சின்ன வயதில் அகதி முகாமில் கிடுகுக் கொட்டில் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஐதரா என்று ஒரு குளத்து உயிரைப் படம் கீறி, பெயர் குறித்து, சரி வாங்கியிருக்கிறேன். இது அதன் கடல் சாதி. இதைத்தான் கல்லோடும் பாசியோடும் நான் தொட்டிக்குள் கொண்டுபோய் வைத்தேன். குஞ்சுக்கென்று போட்ட தீனியை இதுதான் தின்று பெருகியது. தீனி கூட்டினால் சாவு கூடியது ஏன் என்று அப்போது விளங்கியது. குஞ்சுகள் மிதந்து போய் முட்டிய இடமெல்லாம் சுட்டிருக்கிறது. என் கை வைத்தது, என் கை தீனி போட்டது.

தகப்பனுக்கும் தாய்க்கும் ஒன்றும் நடக்கவில்லை. அவைக்குத் தோல் தடிப்பு. அந்த இரண்டும் காலையில் ஒன்றையொன்று சுற்றி, நிறம் மாறி, வாலைப் பிணைந்துகொண்டு மேலே எழும்பி இறங்கும். பத்து நாளில் பை திரும்ப ஊதத் தொடங்கியது.

முதலாளி விரலை நீட்டினார். "தங்கச்சி, இன்னொரு தரம். இதுவும் செத்தா ரெண்டையும் களப்பில விடுறம், பாசிக் கதையையும் விடுறம். நான் ஆயிரம் மீன் சாக்காட்டியிருக்கிறன், எனக்கே அந்த வடிய மறக்க ஏலாம இருக்கு."

எனக்கும் அதுதான். இன்னொரு வடி அள்ள என்னால் முடியாது.

இந்தத் தரம் கல்லே இல்லாமல் பாசியின் மேல் பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்தேன். ஒளிகிற சாமான் அதிகம் அடியில்தான் ஒளிகிறது. ஒரு வெள்ளைப் பேசின் வாங்கினேன். கடல் தண்ணீர் விட்டு, ஒரு கை பாசியை அதற்குள் உதறினேன்.

என்ன சொல்ல? ஒரு கை பாசி. நோன்புக்கு நான் ஆயிரம் கை அலசி ஊற்றியிருப்பேன். முதலில் விழுந்தது நூல் மாதிரி ஐந்து கை உள்ள ஒரு நட்சத்திரம், என் சின்னவிரல் நகத்தில் வைக்கலாம். ஒவ்வொரு கையிலும் புலிக்கு மாதிரிப் பட்டை. பிறகு ஒரு நண்டு. நண்டு என்று தெரிந்ததே அது நடந்தபோதுதான். முதுகில் பாசியை நட்டு வைத்திருந்தது, தானே வெட்டி நட்டது. நான் பார்த்துக்கொண்டிருக்க இன்னொரு துண்டை வெட்டித் தலையில் செருகியது. குச்சி மாதிரி மெலிந்தவை சில, நின்ற இடத்தில் குனிந்து குனிந்து நிமிர்ந்தன. முள்மயிர் வைத்த புழு ஒன்று. இறாலும் இல்லாமல் நண்டும் இல்லாமல், கும்பிடுபூச்சி மாதிரி முன்காலை மடித்து வைத்த ஒன்று, அரை விரல் நீளம்; இரண்டு கண்ணையும் தனித்தனியாகத் திருப்பி என்னைப் பார்த்தது. பேசினுக்குள் விரலை விட்டேன். டிக் என்று அடித்தது. இரத்தம் வந்தது. அது தொட்டிக்குள் போயிருந்தால் தகப்பன் குதிரைக்கே வயிறு கிழிந்திருக்கும்.

கடைசியில் ஒரு இலை நகர்ந்தது. கஞ்சிப்பாசியோடு சிக்கிய வேறு பச்சைப் பாசித் துண்டு என்று நினைத்தேன். துண்டுக்குத் தலையில் இரண்டு கொம்பு இருந்தது. பிறகு போனில் தேடிப் பார்த்தேன். பாசியைத் தின்று, அதில் உள்ள பச்சையைச் செமிக்காமல் தன் உடம்புக்குள் வைத்துக்கொண்டு, வெயிலில் படுத்து இலை மாதிரியே சாப்பாடு செய்துகொள்ளுகிற பூச்சி என்று போட்டிருந்தார்கள். இவ்வளவு காலமும் இதையெல்லாம் பாசியோடு சேர்த்து வெயிலில் காயப் போட்டிருக்கிறோம்.

எல்லாவற்றையும் பேசினோடு கொண்டுபோய்க் களப்பில் ஊற்றினேன். ஆனால் உதறி விழாதது ஒன்று இருக்கிறது. அந்தப் பூந்தோட்டம். அது ஒட்டியது. அதைக் கொல்ல நல்ல தண்ணீரில் பாசியை முக்க வேண்டும். கடல் உயிர் நல்ல தண்ணீரில் நிற்காது, தண்ணீர் குடித்து வீங்கி வெடிக்கும். கஞ்சிப்பாசி கொஞ்ச நேரம் தாங்கும். கிணற்றில் அள்ளி, முக்கி, எண்ணி, எடுத்தேன். பிறகு வேறு வாளியில் சுத்தமான கடல் தண்ணீரில் போட்டு, வெளிச்சம் படுகிற இடத்தில் ஒரு கிழமை வைத்தேன். ஒவ்வொரு காலையும் பூதக்கண்ணாடி.

ஆறாம் நாள் பூ.

அந்த வாளியைக் காலால் உதைத்துக் கவிழ்த்தேன். வேறு பாசி, வேறு இடத்தில் வெட்டினது. இன்னும் கூடுதலான நேரம் முக்கினேன். ஏழாம் நாள் பூ. கிணற்றுத் தண்ணீரில் முக்கி எடுத்த தண்டில், குளித்துவிட்டு வந்த மாதிரி விரல்களை விரித்துக்கொண்டு நின்றது. தகப்பனின் பை திரும்பவும் பந்து மாதிரி ஆகியிருந்தது. எனக்கு யாரோடு கோபப்படுவது என்று விளங்கவில்லை. ஆகவே எல்லோரோடும் கோபப்பட்டேன்.

அந்தக் கோபத்தில் இருக்கும்போதுதான் லொறிக்காரர் வந்தார். கண்டிப் பக்கத்து ஆள், வழக்கமாக வருகிறவருக்குச் சுகமில்லை என்று முதல் தரம் வந்தவர். மீன் பெட்டி ஏற்றும்வரை இருக்கச் சொல்லிப் பால் இல்லாத பிளேன்டி ஊற்றிக் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்தார். கோப்பையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"ராத்தா, சீனின்டு நெனச்சி உப்பப் போட்டுட்டீங்களா?"

"சீனிதான். நல்லாப் பாத்துக் குடிங்க."

"பாத்தா குடிக்கிற? நாக்கால குடிக்கிற. உப்புக் கரிக்கிது. மீன் தொட்டிலேந்தா அள்ளின?"

"குடிக்க ஏலாட்டி ஊத்திட்டுப் போங்க. நாங்க இத்தன வருஷம் இதத்தான் குடிக்கிற. ஒருத்தரும் சாகல்ல."

முதலாளி அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கி ஒரு மிடறு குடித்தார். "உப்பா? எனக்கு விளங்கல்லயே. நல்ல தேத்தண்ணி."

"ஒங்கட நாக்கும் ஒங்கட காது மாதிரித்தான் போல," என்றார் லொறிக்காரர். முதலாளிக்கு அது கேட்கவில்லை. நல்லது.

நான் கோப்பையைக் கழுவக் கொண்டுபோனேன். கிணற்று வாளி பக்கத்தில் இருந்தது. சட்டைப் பையில் உப்புப் பார்க்கிற கண்ணாடி. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பிறகு ஒரு துளி கிணற்றுத் தண்ணீரை அதன் நுனியில் விட்டு, மூடியை மூடி, வெயிலுக்கு நேரே பிடித்தேன்.

கோடு அடியில் இல்லை. ஏறி நின்றது. கடல் அளவுக்கு இல்லை, ஆனால் நல்ல தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் இல்லவே இல்லை.

அஞ்சு வருஷம். ஒவ்வொரு நாளும் பத்துத் தொட்டியில் உப்புப் பார்த்திருக்கிறேன். அந்தக் கண்ணாடியைக் கழுவினதே அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான். ஒரு நாளாவது அந்தத் தண்ணீரையே பார்ப்போம் என்று எனக்குத் தோன்றவில்லை. மழை இல்லாத மாதங்களில் கிணற்றுக்குள் களப்பு ஏறுகிறது. அது ஊருக்கே தெரியும். தெரிந்தும் தெரியாது. அந்தப் பூக்கள் களப்பில் மழைக்காலத்தையும் வெயில் காலத்தையும் கண்டவை. என் கிணற்றுத் தண்ணீர் அவைக்கு ஒரு தூறல் மாதிரித்தான் இருந்திருக்கும்.

இதில் எனக்குத் தாங்க முடியாதது ஒன்று இருக்கிறது. தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது நாங்கள் மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து இதே கரையில் இறங்கினோம். எனக்கு எட்டு வயது. முகாமில் முதல் தேத்தண்ணியை வாயில் வைத்துவிட்டு உம்மா துப்பினா. "இதக் குடிச்சிட்டு எப்பிடி உசுரோட இரிக்கிற?" என்று கேட்டா. வீடு போனதற்கு அழாத மனுசி அதற்கு அழுதா. எனக்கும் அன்றைக்கு உப்புத் தெரிந்தது. நாக்கில் எரிந்தது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. பிறகு எந்த நாளில் அது தெரியாமல் போனது? அது ஞாபகம் இல்லை. இப்போதும் சிலர் எங்களை அகதி என்றுதான் சொல்லுகிறார்கள். இந்தக் கிணற்றுத் தண்ணீரை நல்ல தண்ணீர் என்று சத்தியம் பண்ணக்கூடிய அளவுக்கு இந்த ஊர் எங்கள் நாக்கில் ஏறிவிட்டது. அதை அவர்களுக்கு யார் சொல்லுவது?

அன்றைக்கே கடைக்குப் போய்க் குடிக்கிற பில்டர் தண்ணீர் இரண்டு கான் வாங்கினேன். கண்ணாடியில் பார்த்தேன். கோடு அடியோடு அடியில் படுத்தது.

முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். "பாசிக்குப் பில்டர் தண்ணி. எனக்குக் கிணத்துத் தண்ணி."

"உங்களில பூப் பூக்கட்டும், உங்களையும் முக்கிறன்."

வெள்ளைப் பேசினில் பில்டர் தண்ணீரை விட்டுப் பாசியை முக்கினேன். முதலே கடல் தண்ணீரில் மூன்று தரம் உதறின பாசி. ஒன்றும் மிச்சமில்லை என்று நினைத்த பாசி. அதிலிருந்து விழுந்தன. மடிப்பிலிருந்தும் கிளைக் கவட்டிலிருந்தும் எள்ளளவு, எள்ளில் பாதியளவு, வெள்ளையும் சிவப்புமாக, பேசினின் அடி தெரியாத அளவுக்கு விழுந்துகொண்டே இருந்தன. கிணற்றுத் தண்ணீரில் அவை அசையவே இல்லை, பிடியை இறுக்கிக்கொண்டு இருந்திருக்கின்றன. பூதக்கண்ணாடியில் அந்தப் பூக்களைப் பார்த்தேன். விரல்கள் சுருங்கி, காம்பு கலங்கி, கரைந்தன. அழகானதுதான். கொன்றேன். குஞ்சுகளை நினைத்துக் கொன்றேன். பாசியின் நுனிகள் கொஞ்சம் வெளிறின, மிச்சம் தாங்கியது.

அதை வாளியில் போட்டு வைத்த மூன்றாம் காலை தகப்பன் மடியத் தொடங்கியது. திரும்பவும் புகை, திரும்பவும் முழுக் குதிரைகள். இரண்டாம் தரம் பார்த்தால் பழகிப்போகும் என்று யாராவது சொன்னால் அவர் பார்க்காதவர். கயிறு மட்டும் கட்டிய தொட்டியில்தான் இந்தத் தரம் பெற்றது. குஞ்சுகளைக் கிண்ணத்தால் அள்ளி, பாசியும் இல்லாத கல்லும் இல்லாத வெறும் கண்ணாடித் தொட்டிக்கு மாற்றினேன். முதல் நாட்களில் அவைக்குப் பிடிக்க ஒன்றும் தேவையில்லை, மிதக்கும். தண்ணீரைப் பாதிப் பாதியாக ஒரு நாளைக்கு மூன்று தரம் நானே மாற்றினேன். சில செத்தன. தீனி எடுக்கத் தெரியாதவை, காற்றை விழுங்கி மேலேயே மிதந்தவை. அது இயற்கை. வெள்ளைப் புள்ளி ஒன்றிலும் இல்லை.

பதினோராம் நாள் அவை வாலை நீட்டத் தொடங்கின. பிடிக்க ஏதாவது தேடின. தொட்டியில் ஒன்றும் இல்லை. ஆகவே ஒன்றையொன்று பிடித்தன. ஒன்றின் வால் மற்றதன் கழுத்தில். அதைப் பிடித்து மூன்றாவது. ஐந்து ஆறு சேர்ந்து கொத்தாகிச் சுழன்றுகொண்டே அடிக்குப் போயின. கரண்டிக் காம்பால் பிரித்து விட்டேன். மத்தியானத்துக்குள் திரும்பவும் கொத்து. பிரிக்கும்போது ஒன்று கழுத்து முறிந்து செத்தது.

வாளியில் பாசி இருந்தது. அன்றைக்குப் பதினாலாம் நாள். ஒவ்வொரு காலையும் பார்த்திருக்கிறேன், ஒரு பூவும் இல்லை. ஆனால் முந்தின தரம் ஏழாம் நாள் வரை ஒளிந்திருந்ததே. ஒரு காம்பு, ஒரே ஒரு காம்பு ஒரு கவட்டில் இருந்தாலும் போதும்.

"கயிறு போடன்," என்றார் முதலாளி.

"கயிறு அதுகட வாலுக்கு மொத்தம். பிடிக்க ஏலா."

"அப்ப பாசியப் போடு."

"பூ இருந்தா?"

அவர் ஒரு கதிரையைத் தூக்கி வந்து வாளிக்குப் பக்கத்தில் போட்டு, தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். "கிளை கிளையாப் பாப்பம். நீ பாத்ததை நான் திரும்பப் பாக்கிறன். நான் பாத்ததை நீ."

ஒரு தண்டை எடுத்து இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்தோம். சந்தேகம் வந்த கிளையை வெட்டி எறிந்தோம். பின்நேரம்வரை பார்த்தோம். கடைசியில் ஒரு சாண் நீளத்தில் ஒரே ஒரு தண்டு மிஞ்சியது. இரண்டு பேரும் அதில் கை வைக்கப் பயந்தோம். முதலாளி சிலுவை போட்டார். நான் பிஸ்மி சொல்லி அதைத் தொட்டிக்குள் விட்டேன்.

தண்டு மெல்ல இறங்கி நடுத் தண்ணீரில் நின்றது. ஒரு குஞ்சு மிதந்து வந்து அதில் முட்டியது. அது பின்னுக்குப் போனது. திரும்ப வந்தது. வால் நீண்டது, தண்டைத் தொட்டது, விலகியது, திரும்பத் தொட்டது. ஒரு சுற்று. அரைச் சுற்று. பிறகு அந்தக் குறுணல் அளவு உயிர் நிமிர்ந்து நின்றது. தலையைத் திருப்பிப் பார்த்தது. ஏதோ வெகு காலமாக அங்கேயே நின்றது மாதிரி. பிறகு இன்னொன்று வந்தது. கொத்தாகக் கிடந்தவற்றில் ஒன்று வாலை அவிழ்த்து மேலே எழும்பியது. கொட்டில் பூட்டும் நேரத்தில் அந்தத் தண்டில் கிளை தெரியவில்லை. எல்லாம் குதிரை.

அடுத்த நாள் காலை முதலில் உடம்புகளைப் பார்த்தேன். வெள்ளைப் புள்ளி இல்லை. அடுத்த நாளும் இல்லை. பிறகு பயப்படுவதை விட்டேன்.

அரை விரல் அளவு வளரும்வரை வைத்திருந்தோம். எல்லாம் பிழைக்கவில்லை, பொய் சொல்லமாட்டேன். இருபத்தொன்பது மிஞ்சியது. தகப்பன், தாயோடு முப்பத்தொன்று. காக்காவின் வள்ளத்தில் களப்பின் புல் உள்ள இடத்துக்குப் போனோம். அவர் எங்களைக் கூட்டிப்போக வந்தபோது நான் குதிரைகள் பிடித்திருந்த பாசியை மட்டும் தனியே எடுத்து வெள்ளைப் பேசினில் உதறிக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, களப்பில வெட்டின பாசியக் களப்புக்குக் கொண்டுபோகக் கழுவுறியா? பைத்தியமா?"

"என்ட கொட்டில்ல வேற கடல் மீனெல்லாம் இரிந்திச்சி. என்னத்த இங்க கொண்டு வந்து விடுறனோ யாருக்குத் தெரியும்."

"அல்லாஹ்வே. போற வழிக்கும் சோதனச்சாவடி," என்றார். ஆனால் முடியும்வரை துடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

புல் உள்ள இடத்தில் தண்ணீர் இடுப்பளவு. இறங்கினேன். வாளியைச் சரித்ததும் ஒவ்வொன்றாகப் போயின. புல்லுக்குள் போனதும் காணவில்லை, புல்லாகிவிட்டன. கடைசியில் ஒன்று மட்டும் போகவில்லை. வாளி விளிம்பில் வைத்திருந்த என் சின்னவிரலைச் சுற்றிக்கொண்டு நின்றது. அந்தப் பிடியை விரலால் உணர முடியவில்லை, கண்ணால்தான் தெரிந்தது. அது இரண்டு கண்ணையும் வேறு வேறு பக்கம் திருப்பியது. ஒரு கண் களப்பைப் பார்த்தது. மற்றது எதைப் பார்த்தது என்று எனக்குத் தெரியாது.

"நேரம் போகுது, வா," என்றார் காக்கா வள்ளத்திலிருந்து.

"அது பிடிச்சிட்டிரிக்கி."

"உதறி விடன்."

நான் உதறவில்லை. கையைப் புல்லுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றேன்.